வெளிச்சத்துக்கு முன்னால் வந்த முள்

தயிர் சாதத்தில் மாதுளை முத்துகளைக் கிளறிக்கொண்டிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. முள் முன்னால் வருகிறது, வெளிச்சம் பின்னால் வருகிறது. ஒருமுறை இரண்டுமுறை அல்ல, ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

டப்பாவை மூடக்கூட இல்லை. எச்சில் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு மேசைக்கு ஓடினேன். அடையாறில் மே மாத மதியம். ஜன்னலுக்கு வெளியே காக்கைகள்கூட வாயைத் திறந்துகொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தன. ஏசி வேறு வேலை செய்யவில்லை. அந்தப் புழுக்கத்தில் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தேன்.

இதை எழுதச் சொன்னது எங்கள் பிரிவில் இப்போது இருக்கும் பிள்ளைகள். “ரிட்டயர்டு லைஃப் எப்படிக்கா போகுது?” என்று வாரம் ஒருமுறை கேட்பார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. ஒப்பந்தம் முடிந்தது, சால்வை போர்த்தினார்கள், சந்தன மாலை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அப்படியென்றால் ஓய்வு பெற்றவள்தானே. நான் செய்த வேலையை இப்போது ஒரு கணினி நிரல் செய்கிறது. நிரலுக்கு முன்னால் இது எப்படி நடந்தது என்று எழுதிக்கொடுங்கள் என்றார்கள். நான் எழுதப்போவது நிரல் தூக்கி எறிந்துவிடக்கூடிய ஒரு மனிதனைப் பற்றி.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். தென்துருவக் கண்டத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம். குளிர்காலம் முழுக்க அங்கே சிலர் தங்கியிருப்பார்கள். நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பனிமேட்டில், இரண்டு கருவிகள். ஒன்று, வானம் முழுவதையும் ஒரே வட்டமாகப் படமெடுக்கும் மீன்கண் கேமரா. இன்னொன்று காந்தமானி. பூமியின் காந்தப் புலம் ஒரு முடியளவு அசைந்தாலும் அது கோடாக எழுதிவிடும். மணிக்கொரு முறை இவை இரண்டும் எழுதியதெல்லாம் செயற்கைக்கோள் வழியாக அடையாறில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். நான் உட்கார்ந்து படிப்பேன். எங்கே வெளிச்சம் தொடங்கியது, எப்போது, எந்தப் பக்கம் பரவியது என்று குறிப்பேன். ஆக, சென்னை வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கி, தினமும் துருவ இரவைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகும் வேலை.

அப்பாவுக்கு இது புரியவே இல்லை. எங்களுக்குத் தி.நகரில் துணிக்கடை. திருநெல்வேலியிலிருந்து வந்து முப்பது வருஷமாக அதே தெருவில். காந்தத் துணைப்புயல் என்றால் என்ன என்று ஒருநாள் கேட்டார். கடை பாஷையிலேயே சொன்னேன். பூமியின் காந்தப் புலம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு நீண்ட வாலாகக் கிடக்கிறது, சூரியக் காற்று அந்த வாலை இழுத்து இழுத்து விறைப்பாக்குகிறது, ரவிக்கைத் துணியைக் கிழிப்பதற்கு முன்னால் இரண்டு கையாலும் இழுத்துப் பிடிப்பீங்களே அப்பா, அந்த மாதிரி, ஒரு கட்டத்தில் தெறித்துவிடும், தெறித்ததும் துருவத்தின் மேல் வானம் பற்றிக்கொள்ளும். பச்சையும் சிவப்புமாக ஆடும். அதுதான் அரோரா.

அப்பா முழக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். “ஏட்டி, கிழியுத சத்தம் கேக்குமா?”

“கேக்காதுப்பா. நூறு கிலோமீட்டருக்கு மேல நடக்குது.”

“துணி கிழியும்போது சத்தத்துக்கு முன்னால கைக்குத் தெரியும். அதக் கேட்டேன்.”

சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். பின்னால் அதை நினைக்க வேண்டி வந்தது.

படிப்பு, பயிற்சி, சேர்ந்த முதல் வருஷங்கள் எல்லாவற்றையும் தாண்டிவிடுகிறேன். அவற்றில் நான் வேகமாகப் பேசுவேன், அவசரப்படுவேன், திட்டு வாங்குவேன். திட்டியவர் பத்மா மேடம்.

மேடம் மயிலாப்பூர். மாட வீதிக்குப் பின்னால் நாலு தலைமுறையாக அதே வீடு. எங்கள் வளாகத்தின் பின்புறம், மரங்களுக்கு நடுவில், ஒரு சோதனைக் கொட்டகை இருந்தது. துருவத்துக்குக் கப்பலேறும் கருவிகளை முதலில் அங்கே ஓட்டிப் பார்ப்போம். மூங்கில், மரம், பித்தளைத் திருகு. ஓர் இரும்பு ஆணிகூடக் கிடையாது. வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் கூடை. உள்ளே போகிறவர் சாவி, பெல்ட், செல்போன், ஹேர்பின், புடவையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். மேடம் வீட்டிலிருந்தே ஊக்கில்லாமல்தான் வருவார். பூவை நூலால் கட்டியிருப்பார். நாங்கள் உள்ளே நுழையும்போது எங்களைப் பார்க்கமாட்டார், திரையில் ஓடும் கோட்டைப் பார்ப்பார். கோடு துள்ளினால் திரும்பாமலே சொல்வார்: “இன்னும் ஏதோ வெச்சிண்டிருக்கே.” ஒருமுறை டெல்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவரை ஷூவைக் கழற்றச் சொல்லி வெறுங்காலோடு நிற்கவைத்தார். ஷூ அடியில் ஒரு தகடு இருந்தது. அதிகாரிக்கே தெரியாது.

கோட்டில் இப்படி ஆளாலோ பொருளாலோ வரும் துள்ளலுக்குத்தான் எங்கள் பிரிவில் முள் என்று பேர். மீனுக்கு முள் எடுக்கிற மாதிரி, பதிவிலிருந்து அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் ஆராய்ச்சிக்குக் கொடுப்போம். அதற்கு ஒரு சின்ன நிரல் அப்போதே இருந்தது. நான் மட்டும், பொறுமையில்லாதவள் என்பதால், நிரல் ஓடி முடிவதற்கு முன்பே கச்சாக் கோட்டைத் திறந்து பார்த்துவிடுவேன்.

“முள்ளுக்கெல்லாம் அர்த்தம் தேடாதே,” என்பார் மேடம். “பாத்தது என்னன்னு கேட்டா நீ நெனச்சதச் சொல்லிண்டிருக்கே.”

டாக்டர் ஜாஹிரை முதலில் பார்த்தது அந்தக் கொட்டகை வாசலில்தான். அடுத்த குளிர்காலம் அங்கே தங்குவதற்காகக் கப்பலேறப் போகிற குழுவை அழைத்து வந்திருந்தார்கள். ஜாஹிர் நிலையத்தின் மருத்துவர். ராயப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். நல்ல ஆங்கிலம், நல்ல தமிழ், நடுவில் வேண்டுமென்றே மெட்ராஸ் பாஷை. சாவி, பேனா, வாட்ச் எல்லாவற்றையும் கூடையில் போட்டுவிட்டு மேடத்திடம் கேட்டார். “காலைல இரும்புச்சத்து மாத்திரை சாப்ட்டேன் மேடம். அது உள்ள கீது. எடுத்துடவா?”

மேடம் திரும்பிப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அடுத்த வருஷம் மே மாதம், அங்கே குளிர்கால இருட்டு தொடங்கியபோது, முட்கள் வர ஆரம்பித்தன.

முதலில் நான் கண்டுகொள்ளவில்லை. கருவிக்குப் பக்கத்தில் யாராவது போனால் முள் வருவது வழக்கம்தான். பனிப்புயலில் வழி தவறாமல் இருக்க நிலையத்திலிருந்து ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். அது காந்தமானியைத் தொட்டுக்கொண்டு போய் மேட்டின் விளிம்பில் ஒரு கொடிக்கம்பத்தில் முடியும். வெளியே போகிறவர் பனிக்கோடாலி எடுத்துப்போக வேண்டும் என்பது விதி. எஃகுக் கோடாலி. அது கருவியைக் கடக்கும்போது கோடு முதலில் மேலே குத்தும், பிறகு கீழே. திரும்பி வரும்போது கண்ணாடியில் பார்த்த மாதிரி தலைகீழாக இருக்கும். போன முள், வந்த முள். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் இன்னொரு விதியும் இருந்தது. கேமரா ஓடும் நேரத்தில் யாரும் வெளியே போகக் கூடாது. டார்ச் வெளிச்சம் படத்தைக் கெடுக்கும். ஜன்னல்களுக்குக்கூடப் பலகை அடைத்திருப்பார்கள். தனியாகப் போவது எந்த நேரத்திலும் தடை. மேட்டுக்கு அந்தப் பக்கம் பனிப்பிளவுகள்.

அன்று தயிர் சாதத்தின் நடுவில் உறைத்தது இதுதான். யாரோ ஒருவர் வெளியே போகிறார். போன பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, வானம் பற்றிக்கொள்கிறது. அணைந்த பிறகு அவர் திரும்புகிறார். பழைய கோடுகளையெல்லாம் திறந்து பார்த்தேன். துணைப்புயல் இல்லாத இரவுகளில் முள்ளும் இல்லை. பெரிய துணைப்புயல் வந்த இரவுகளில், அது தெறிப்பதற்கு முன்னால், ஒரு போன முள்.

துணைப்புயல் எந்த நொடியில் தெறிக்கும் என்று உலகத்தில் யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. எங்கள் தொழிலில் பலபேர் வாழ்நாள் அதில்தான் போகிறது. பலகை அடைத்த ஜன்னலுக்கு உள்ளே இருந்து ஒருவர் அதைத் தெரிந்துகொண்டு எழுந்து போகிறார் என்றால், அவர் எதைக் கேட்டு எழுந்தார்?

படங்களைத் திறந்தேன். மீன்கண் படத்தில் வானம் ஒரு வட்டத் தட்டு மாதிரி இருக்கும், விளிம்புதான் அடிவானம். பச்சை வெளிச்சம் தாழ வந்த ஒரு படத்தில், விளிம்பில், கொடிக்கம்பம் இருக்கும் பக்கம், மெல்லிய கறுப்புக் கீற்று ஒன்று. கம்பத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பம் போல. அடுத்த படத்திலும் அதே இடத்தில் அசையாமல் இருந்தது. வெளிச்சம் அணைந்ததும் அது இல்லை.

மேடத்திடம் காட்டினேன்.

“லென்ஸ்ல பனி,” என்றார்.

“பனி நிமிந்து நிக்குமா மேடம்?”

“நீ பாத்தது கறுப்பா ஒரு கோடு. ஆள்னு சொன்னது நீ. நான் நிலையத்துக்கு எழுதறேன். பதில் வரட்டும்.”

எழுதினார். நிலையத் தலைவரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. கேமரா நேரத்தில் யாரும் வெளியே போவதில்லை. வெளிக்கதவு எப்போதும் தாழிட்டிருக்கிறது. எல்லாரும் நலம். கீழே மருத்துவர் தந்த உடல்நல அறிக்கையும் இணைத்திருந்தார்கள். எல்லாரும் நன்றாகத் தூங்குகிறார்கள் என்று டாக்டர் ஜாஹிர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகும் முள் வந்தது. போன முள், வெளிச்சம், வந்த முள். யாரும் போவதில்லை என்று எழுதிக்கொடுத்த இடத்தில் ஒரு ஆள் போய்வந்துகொண்டிருந்தார். மாலையில் கடைக்குப் போய்ப் பில் போட உட்காருவேன், ஆடித் தள்ளுபடிக் கூட்டம் நெரியும், அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்தக் கறுப்புக் கீற்று மட்டும் கண்ணுக்குள் அசையாமல் நிற்கும். யாராக இருந்தாலும் ஒருநாள் திரும்பாமல் போய்விடுவார் என்று பயமாக இருந்தது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. சொன்னால் முள்ளுக்கு அர்த்தம் தேடுகிறாள் என்பார்கள்.

ஒருநாள் காலை அலுவலகத்துக்கு வந்து கோட்டைத் திறந்தேன். அங்கே அது சூரியனே எழாத காலம். காலை இரவு என்ற பேச்சே இல்லை. போன முள் இருந்தது. அப்புறம் கோடு செங்குத்தாக விழுந்திருந்தது, பெரிய துணைப்புயல். பிறகு கோடு மெல்ல ஏறிப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. வந்த முள் இல்லை.

அடுத்த மணி நேரத்துத் தொகுப்பு வந்தது. அதிலும் இல்லை. படத்தைத் திறந்தேன். மிச்சமிருந்த மங்கல் வெளிச்சத்தில் அந்தக் கீற்று தெரிந்தது, அதே இடத்தில். ஆனால் குட்டையாகியிருந்தது.

மேடம் அப்போதுதான் கைப்பையை மேசையில் வைத்தார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“முள் எடுத்ததா, எடுக்காததா?”

“எடுக்காதது மேடம்.”

“போனதக் காட்டு.”

காட்டினேன்.

“வந்ததக் காட்டு.”

“இல்ல.”

மேடம் திரையைத் தொடமாட்டார். எங்களையும் தொடவிடமாட்டார். அன்று விரலை வைத்து அந்தக் கோட்டின் மேலேயே தேய்த்துக்கொண்டு போனார், துணியில் இழை விட்டுப்போன இடத்தைத் தேடுகிற மாதிரி. கடைசிவரை போனார். பிறகு படத்தைப் பார்த்தார். நேற்றைய இரவின் படத்தைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நேற்று உயரமாக இருந்தது, இன்று பாதி.

“இது முள் இல்லடி,” என்றார். “ஆள். உக்காந்துட்டான்.”

போனை எடுத்தார். நிலையத் தலைவர் தூக்கக் கலக்கத்தில் பேசினார். எல்லாரும் உள்ளேதான் இருக்கிறார்கள் என்றார். மேடம் குரலை உயர்த்தவில்லை. பாடம் சொல்கிற ஆங்கிலத்தில், நான் லைனிலேயே இருக்கிறேன், நீங்கள் போய்த் தலைகளை எண்ணுங்கள், கதவைத் தட்டி அல்ல, முகத்தைப் பார்த்து எண்ணுங்கள் என்றார். ஸ்பீக்கரில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. பிறகு நடக்கிற சத்தம் ஓடுகிற சத்தமாக மாறியது. யாரோ ‘டாக்டர்’ என்று கத்தினார்கள். லைன் அறுந்தது.

துருவத்தில் வானம் கலங்கினால் செயற்கைக்கோள் தொடர்பு அறுவது சகஜம். மறுபடி கிடைக்கவில்லை. எங்களுக்கு இருந்தது அடுத்த தொகுப்பு மட்டும். கேன்டீன் அண்ணன் வழக்கம்போல் டீயோடு வந்து, “இன்னா மேடம், ரெண்டு பேரும் ரிசல்ட்டுக்கு வெயிட் பண்ற மாதிரி குந்திகினு கீறீங்க?” என்றார். நாங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டம்ளர்களை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்.

தொகுப்பு வந்தது. வெளிச்சம் எதுவும் இல்லை. கோடு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் மூன்று முட்கள், ஒன்றன்பின் ஒன்றாக. போன முட்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போகிறார்கள். பிறகு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்ததைப் போல என் வேலையில் வேறு எதையும் நான் பார்த்ததில்லை. வெறும் நேர்கோடு.

பிறகு வந்த முள். இரண்டாவது. மூன்றாவது.

மேடம் மூச்சை விடவில்லை.

நான்காவது.

“போனவா மூணு பேர்,” என்றார் மேடம். “வந்தது நாலு கோடாலி.” எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “இன்னிக்குப் பதிவுல முள் எடுக்காதே. அப்படியே இருக்கட்டும். யாராவது கேட்டா என்னக் கேக்கச் சொல்லு.”

நான்காவது கோடாலியோடு ஆளும் வந்தாரா என்று மதியம்தான் போனில் தெரிந்தது. உயிரோடு வந்துவிட்டார். கொடிக்கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் ஜாஹிர். இடது கையுறை கழன்று கிடந்தது. தூக்கப் போனவர்களிடம், இருங்க, இன்னும் முடியல, இன்னொண்ணு இருக்கு என்றாராம். பிதற்றுகிறார் என்று நினைத்து இழுத்து வந்தார்கள். உள்ளே கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கதவைத் தாழிட்ட பிறகு, அந்தக் குளிர்காலத்தின் மிகப் பெரிய துணைப்புயல் வந்தது. அந்தக் கோட்டை நான் அடுத்த தொகுப்பில் பார்த்தேன். அது விழுந்த ஆழத்தைப் பார்த்துவிட்டுத் திரையை அணைத்துவிட்டேன். பட்டப்பகல். ஜன்னலுக்கு வெளியே யாரோ தென்னை மட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள், அந்தச் சரசரப்புக்கு நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

மற்றவர்கள் தூங்குகிறார்களா என்று பார்க்கவேண்டியவர் அவர். அவரைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

கப்பலில் திரும்பி வந்ததும் ஜாஹிர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். இடது கையில் இரண்டு விரல்களின் மேல்கணு இல்லை. கொட்டகை வாசலில் மேடம் நின்றிருந்தார். கூடை வழக்கம்போல் இருந்தது. ஜாஹிர் சாவியைப் போட்டார், போனைப் போட்டார், கையை நீட்டிக் காட்டினார்.

“இரும்பும் இல்ல மேடம். வெரலும் இல்ல.”

மேடம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. உள்ளே போய் உட்காருவதற்குள் கேட்டுவிட்டேன். எப்படித் தெரிந்தது? ரேடியோ இரைச்சல் மாறுமா? ஜெனரேட்டர்? ஜன்னல் பலகையில் இடுக்கு எதுவும்?

“எல்லாம் நானே பாத்துட்டேன் செல்வி. ரேடியோவ அணைச்சுட்டுப் படுத்தேன். காதுல பஞ்சு வெச்சுக்கினு படுத்தேன்.” அதுவரை விளையாட்டாகப் பேசிக்கொண்டிருந்தவர் குரலைத் தணித்தார். “உங்கள யாராவது தூரத்துலேருந்து கூப்பிடப்போறாங்கன்னு வெச்சுக்குங்க. கூப்பிடல. கூப்பிடறதுக்கு முன்னாடி மூச்ச இழுப்பாங்க இல்ல? அந்த மூச்சு. ரூமுக்கு வெளிய, ரொம்பப் பெருசா ஒண்ணு மூச்ச இழுக்குது. அப்புறம் படுத்துக்கினு இருக்க முடியாது.”

“கூப்பிட்டுச்சா?”

“இல்ல. வெளிய போய் நின்னா வானம் எரியும். அவ்ளோதான். ஒருதரம்கூடக் கூப்பிட்டதில்ல. அதான் மறுபடியும் போவேன்.”

ஜாஹிர் போன பிறகு மேடம் என்னிடம் சொன்னார். “அவன் பாத்ததச் சொன்னான். நெனச்சதச் சொல்லல. அதான் பயமா இருக்கு.”

என் ஒப்பந்தம் அடுத்த வருஷம் முடிந்தது. புது நிரல் வந்தது. முள் எடுத்த பதிவுகளைக் கொடுத்தே அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது நன்றாகவே படிக்கிறது, என்னைவிட வேகமாக. ஆனால் ஆள் என்று ஒன்று கோட்டில் இருக்கக்கூடும் என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகளா, நிரல் ஓடட்டும். நீங்கள் கச்சாக் கோட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். நான் சொல்வதற்கு இருப்பது இவ்வளவுதான்.

இங்கே முடித்திருக்க வேண்டிய கட்டுரை. போன மாதம் நஸ்ரின் போன் செய்தார். ஜாஹிரின் மனைவி. மந்தைவெளியில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறார். ஒரே கேள்விதான் கேட்டார். “உங்க புயல் சென்னைல வருமா?”

சாந்தோமில் அவர்கள் வீடு. தேவாலயத்துக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் சந்தில், மூன்றாவது மாடி. நான் போனபோது மாலை. மீன் வண்டி போய்விட்டது, வாசனை போகவில்லை. ஜாஹிர் இன்னும் தன் கிளினிக்கிலிருந்து வரவில்லை. நஸ்ரின் என்னை நேராக மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார்.

“இங்கதான் வந்து நிக்கிறாரு. விடியறதுக்கு முன்னாடி. தொழுகைக்கு எழுந்தாருன்னு நெனச்சேன். பாத்தா பாங்கு சொல்றதுக்கு ரொம்ப முன்னாடியே எழுந்து வந்துடறாரு. எல்லா நாளும் இல்ல. சில நாள்.” தெற்குப் பக்கம் கைகாட்டினார். அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான், மாடி எடுத்துக் கட்டப் பாதியில் விட்டது. “அந்த ஓரத்துல. கூப்பிட்டா திரும்பறது இல்ல.”

அந்தச் சுவருக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். நாலு மாடி உயரம். எனக்குப் பழைய படத்தின் விளிம்பில் நின்ற கீற்று ஞாபகம் வந்தது.

உண்மையைச் சொன்னேன். இங்கே வானத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் துருவத்தில் தெறிக்கும்போது அந்த நேரம் இரவாக இருக்கும் ஊர்களிலெல்லாம் காந்தப் புலம் மெல்லத் துடிக்கும், நல்ல காந்தமானி இருந்தால் சென்னையிலும் தெரியும் என்றேன். நிலையத்தில் பெரிய துணைப்புயல்கள் வரும் நேரம் இங்கே பெரும்பாலும் விடியற்காலை.

நஸ்ரின் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டார். “அப்ப ரெண்டுல ஒண்ணு. இவருக்கு நெஜமாவே தெரியுது. இல்லாட்டி அங்க பட்ட பாட்டுல மனசு ஒடஞ்சிருக்கு. அப்படித்தானே?”

“சோதிச்சுப் பாக்கலாம்.”

“இல்லைன்னு வந்தா மருந்து இருக்கு. எனக்கு நல்ல டாக்டருங்களத் தெரியும். ஆமான்னு வந்தா?”

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜாஹிர் மேலே வந்தார், கையில் சமோசாப் பொட்டலம்.

“இன்னா செல்வி, ரிட்டயர் ஆன அப்புறமும் முள் பொறுக்க வந்துட்டீங்களா?” என்றார். நஸ்ரினின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொட்டலத்தைத் தொட்டியின் மேல் வைத்தார். “சோதிங்க. எனக்கும் தெரியணும். நெஜம்னா நெஜம்னு தெரிஞ்சுட்டுப் போகட்டும். இப்படி நடுவுல நிக்கறது தாங்கல.”

அவருக்கு ஆமாம் வேண்டும். நஸ்ரினுக்கு இல்லை வேண்டும். எனக்கு எது வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் வீட்டுக்கு வந்ததும் மேடத்துக்குப் போன் செய்தேன். திட்டம் இப்படி. ஜாஹிர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான், அந்த மூச்சு தெரிந்ததும் அழுத்த வேண்டும், நேரம் தானே பதிவாகும். காந்தமானி ஊருக்கு வெளியே, ரயிலும் கம்பியும் இல்லாத ஒரு மாந்தோப்பில். கடற்கரையில் வைக்கலாமா என்று யோசித்தேன், நம் கடற்கரைக் கருமணலிலேயே காந்தம் இருக்கிறது, ஆகாது. இரண்டு பதிவையும் ஒப்பிடுவது நான்.

“நீ இல்ல,” என்றார் மேடம். “ரெண்டையும் எங்கிட்ட அனுப்பிடு. நீ தொறந்து பாக்கப்படாது. ஒனக்கு ஆசை இருக்கு.”

சரி என்றேன்.

நேற்று பொத்தானைப் பொருத்தப் போனேன். நஸ்ரின் ஒரு கேள்வி வைத்திருந்தார். “மாடிக் கதவுகிட்ட சின்னதா ஒரு கருவி வெக்க முடியுமா? அவரு தாண்டினா தெரியற மாதிரி?”

“இரும்பு ஏதாவது கூட எடுத்துட்டுப் போனா தெரியும்.”

உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து ஒரு காந்தத்தைப் பிடுங்கி வந்தார். கப்பல் திரும்பிய வழியில் ஜாஹிர் வாங்கி வந்த பென்குவின். காந்தத்தை மட்டும் கத்தியால் பொம்மையிலிருந்து நெம்பி எடுத்து, ஜாஹிரின் மாடிச் செருப்பின் அடியில் பசை வைத்து ஒட்டினார். ஜாஹிர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“தோப்புல என்ன வருதோ அத உங்க மேடம் பாத்துக்கட்டும்,” என்றார் நஸ்ரின். “எனக்கு இந்தக் கதவுக் கோடு போதும். போனதுக்கு ஒண்ணு, வந்ததுக்கு ஒண்ணு. ரெண்டாவது வரலேன்னா என் போன் அடிக்கணும். செய்ய முடியுமா?”

முடியும் என்றேன். திங்கட்கிழமை இரண்டு கருவியும் ஓடத் தொடங்கும். கதவுக் கருவிக்கு நிரல் எழுதி முடித்துவிட்டேன். முள் எடுக்கும் பகுதியை அதில் சேர்க்கவில்லை.